வாய்க்காலில் எல்லாரும் முழுகிய நாள்

தொண்ணூற்றேழாம் ஆண்டு. மாரி முடிந்து வன்னியில் அருவி வெட்டு, நெல்லறுப்பு, தொடங்கியிருந்த நேரம். வட்டக்கச்சிக்கு அப்பால், இரணைமடுத் தண்ணீர் வயலுக்குப் போகிற வாய்க்கால் ஓரமாக இடம்பெயர்ந்த சனங்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. தென்னங்கிடுகும் தறப்பாள் சீலையுமாக வரிசை வரிசையாகக் கொட்டில்கள். வாரத்துக்கு ஒருதரம் சைக்கிளில் அங்கே போய் மருந்து கொடுப்பது என் வேலை.

நான் தோல் வைத்தியர். கொழும்பில் படித்த காலத்தில், மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு முகப்பருவுக்கும் தேமலுக்கும் மருந்து எழுதப்போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே! யாழ்ப்பாணத்திலிருந்து ஊரோடு சேர்ந்து நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்த பிறகு கண்டதெல்லாம் சொறி, சொறி, சொறிதான். எனக்குப் பெயரும் அதுவே. நான் வருவதைக் கண்டால் பிள்ளைகள் “சொறி டொக்டர் வாறா!” என்று கத்திக்கொண்டு ஓடும். போரில் காயப்பட்டவர்களைப் பார்க்கிற சக வைத்தியர்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். “உமக்கென்ன, நிம்மதியா நித்திரை கொள்ளலாம். சொறியிலை ஆர் சாகிறது?” என்பார்கள். 

சொறிக்கு மருந்து பெரிய வித்தை இல்லை. சவர்க்காரம் போட்டுக் குளித்து, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு வெள்ளை மருந்தைப் பூசவேண்டும். எட்டு நாளில் இன்னொரு தரம். உடுப்பை அவித்து, பாயை வெயிலில் போடவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அடுத்தடுத்து இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பூசவேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால், அங்கே இருக்கிற சொறிப்பூச்சி மற்ற வீடுகளுக்குத் திரும்பி வந்துவிடும். ஊர்கூடித் தேர் இழுக்கிற மாதிரியான வேலை. வடத்தைப் பிடிக்கத்தான் ஆளில்லை.

நான் நாள் குறித்தால் ஒருவருக்கு விரதம், இன்னொருவருக்குத் தடிமன் காய்ச்சல், வேறொருவர் நிவாரண அரிசி எடுக்கப் போயிருப்பார். இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்கமுடியாதது முன் வரிசைக்காரரின் கௌரவம். அங்கே இருந்தவர்கள் ஊரில் கல்வீடு, காணி என்று நல்லாய் வாழ்ந்தவர்கள். சொறி என்ற சொல்லே அவர்களுக்கு அவமானம். குடியிருப்புக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். நல்ல மனிதர். பேரப்பிள்ளைகளின் விரலிடுக்கு முழுவதும் கொப்புளம் இருக்க, என்னிடம் சொல்லுவார்:

“எங்கட வீட்டிலை சொறி கிறி ஒண்டும் இல்லை டொக்டர். இது கிரந்தி. சூட்டு உடம்பு. நீங்கள் கடைசி வரிசை ஆக்களுக்குப் பூசுங்கோ. அங்கையிருந்துதான் எல்லாம் வாறது.”

கடைசி வரிசையில் இருந்தவர்கள் மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து, வன்னியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்கள். பூச்சிக்கு வரிசை தெரியாது வாத்தியார் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கோபத்தில் ஒருநாள் கத்தியும் விட்டேன். அடுத்த வாரம் முன் வரிசையில் ஒருவரும் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கும் அலுத்துவிட்டது. வருகிறவர்களுக்குக் கொடுப்போம், வராவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

தவறாமல் வருகிறவள் கடைசி வரிசையில் ஒரு தாய். புருஷன் வயல் வயலாக அருவி வெட்டப் போய்விடுவான். அவளுக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள், நடை பழகி முடிந்த ஒரு மகன். நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்வாள். பிள்ளைகளின் தோல் பளிச்சென்று ஆகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பழையபடி சொறிந்துகொண்டு வந்து நிற்கும்.

“டாக்டரம்மா, நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். பூசினேன், துணிய அவிச்சேன். நல்லாதான் ஆகுது. பள்ளிக்கொடம் போனா மறுபடியும் ஒட்டிக்கிட்டு வருது. நான் என்னம்மா செய்யட்டும்?”

 இன்னொரு போத்தல் மருந்தைக் கொடுத்து அனுப்புவேன். அவளும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு போவாள்.

ஒருநாள் காலையில் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையின் முகம் அதைத்து வீங்கி, கண் இரண்டும் இடுங்கிப் போயிருந்தது. ஒன்றுக்குத் தேத்தண்ணி நிறத்தில் போகிறது என்றாள். கை காலெல்லாம் சொறி புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது.  சொறிப்புண்ணில் கிருமி ஏறினால் சிலவேளை அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற விஷயம். ஒரு உழவு இயந்திரத்தை மறித்து, அதன் பின்பெட்டியில் வைக்கோல் போட்டு, பிள்ளையையும் தாயையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர்கள் கையில் இருந்த மருந்தை வைத்து முடிந்ததெல்லாம் செய்தார்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்து, மறுநாளே உயிர் போய்விட்டது.

செய்தி கேட்டு நான் குடியிருப்புக்குப் போனபோது கடைசி வரிசை நிறையச் சனம். நல்லதுக்குச் சொன்னால்தான் போவது, கெட்டதுக்குக் கேட்டவுடனே போவது என்பது எங்கள் வழக்கம். முன் வரிசைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வாத்தியார் பாடைக்குக் கமுகம் சிலாகை சீவிக்கொண்டு இருந்தார். மரத்தடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூவோடு நின்றார்கள். அழுதழுது, பூப் பிடித்த விரல்களாலேயே சொறிந்துகொண்டும் நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஒருவரிலும் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது.

அந்தத் தாய் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். அழுகிற கண் இல்லை. இடுப்பில் சின்னவன், கழுத்தைச் சொறிந்துகொண்டு இருந்தான்.

“டாக்டரம்மா, புள்ளைய எடுத்ததும் பொம்பளைங்க எல்லாம் வாய்க்காலுக்குத்தான் போவாங்க. ஆம்பளைங்க பொதைச்சிட்டு வந்து குளிப்பாங்க. இன்னைக்கு ஒருத்தரும் குளிக்காம வீட்டுக்குள்ள போக முடியாது. இருக்கிற மருந்தெல்லாம் எடுத்துட்டு வாங்க. இவனையாச்சும் நான் பாக்கணும்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. செத்த வீட்டுக்குப் போனவர் தலை முழுகாமல், உடுத்த உடுப்பைத் தோய்க்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. எந்த வரிசைக்காரருக்கும் அது பொது. மாதக் கணக்காக நான் கெஞ்சியும் கத்தியும் நடக்காத காரியம், அன்றைக்கு யாரும் சொல்லாமலே நடக்கப்போகிறது. இருந்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

“செத்த வீட்டிலை வந்து எப்பிடியம்மா மருந்தைப் பூசுங்கோ எண்டு நான் கேக்கிறது?” என்றேன்.

“நீங்க கேக்க வேணாம். நான் கேக்கிறேன்,” என்றாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தகப்பனும் மற்ற ஆண்களும் போனார்கள். பெண்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஓடியது. நானும் என்னோடு வேலை செய்த சுகாதாரத் தொண்டரும் மருந்துக் கலனை மருதமரத்தடிக்குச் சுமந்து வந்தோம். கரையில் சேலையைக் கட்டி மறைப்புப் போட்டோம். அந்தத் தாய் நனைந்த தலையோடு மறைப்புக்கு முன்னால் வந்து நின்றாள். முழுகி ஏறியவர்களைப் பார்த்து, “எம் மகளுக்காக வந்தீங்க. இதையும் பூசிக்கிட்டுப் போங்க,” என்றாள். 

செத்த வீட்டுக்காரி கேட்டதை மறுக்க யாருக்கு மனம் வரும்? ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முன் வரிசைப் பெண்கள் மறைப்புக்குள் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். கமக்கட்டு, இடுப்பு, மார்புக்குக் கீழே எல்லாம் புண். எத்தனை மாதமாக மூடி வைத்திருந்தார்களோ! மருந்து பட்டு எரிந்தபோது பிள்ளைகள் கத்தினார்கள். யார் யார் பிள்ளைகளோ, யார் யார் பிடித்துப் பூசினார்களோ, அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

புதைத்துவிட்டு ஆண்கள் வந்தார்கள். முதலில் முழுகி ஏறியவர் வாத்தியார். தொண்டரிடம் போகாமல் நேரே என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினார். விரலிடுக்குகள் எல்லாம் வெடித்துப்போய் இருந்தன.

“எனக்கும் இருக்குது டொக்டர்,” என்றார். அவ்வளவுதான். நான் விரல் விரலாகப் பூசிவிட்டேன்.

இரண்டாம் தரம் பூசவேண்டுமே என்று நான் யோசிக்க முன்னமே அவள் யோசித்திருந்தாள். “எங்க பக்கம் சின்னப் புள்ளைங்களுக்கு எட்டாம் நாள் சடங்கெல்லாம் செய்யறதில்ல. நான் செய்றேன்,” என்றாள். எட்டாம் நாள் ஒரு வாழையிலையில் பிள்ளைக்குப் பிடித்ததைப் படைத்தாள். குடியிருப்பு முழுவதும் வந்தது. முன்பே வாய்க்காலில் முழுகிவிட்டு வந்தார்கள். மறைப்புக் கட்ட வாத்தியார் வீட்டுச் சேலைதான் வந்தது.

வேலை முடிந்து கலனைக் கழுவிக்கொண்டு இருந்தேன். குனிந்து குனிந்து நின்றதில் நாரி விட்டுப்போகிற மாதிரி வலி. அவள் சின்னவனைக் கொண்டுவந்து காட்டினாள். புண்கள் காய்ந்து, பொருக்கு உதிர்ந்துகொண்டு இருந்தன. தாய்க்காரியின் தோளில் சொறியாமல் நித்திரை கொண்டான். அவள் என் பக்கத்தில் குந்தி, மெதுவாகக் கேட்டாள்.

“டாக்டரம்மா, எல்லாரும் முந்தியே இப்படிப் பூசியிருந்தா எம் புள்ள இருந்திருக்குமா?”

பொய் சொல்ல எனக்குத் தெரியாதா என்ன? வைத்தியர்கள் நாளும் சொல்கிறவர்கள்தான். விதி, கடவுள் கணக்கு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்கும் என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

“ஓம்,” என்றேன்.

அவள் வாய்க்கால் பக்கம் பார்த்தாள். மருந்து பூசிய உடம்போடு சனம் கரையில் காய்ந்துகொண்டு நின்றது. வாத்தியாரின் பேரன் வெள்ளை வெள்ளையாக ஓடிக்கொண்டு இருந்தான்.  பிறகு சின்னவனின் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“அவங்ககிட்ட இதச் சொல்லிறாதீங்கம்மா. பாவம், தாங்க மாட்டாங்க.”

நான் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் குடியிருப்பு இரண்டு தரம் இடம்பெயர்ந்தது. அவர்கள் ஒரு திசை, நான் ஒரு திசை. இப்போது எனக்கு மின்விசிறியும் கதிரையும் இருக்கின்றன. சொன்ன மருந்தைப் போடாமல், சொன்ன நாளில் வராமல், நோயை மறைத்துவிட்டு முற்றிய பிறகு வந்து நிற்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஏச வாய் வருகிறது. அப்போதெல்லாம், மகளைப் பறிகொடுத்த ஒருத்தி அதற்குக் காரணமானவர்களைப் பார்த்துப் ‘பாவம்’ என்றது நினைவுக்கு வந்து, களைப்போடு களைப்பாக அடுத்த நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கத் தொடங்குகிறேன்.