தங்கச்சியின் முகம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. ஒரு மதியம், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பாலும் கொண்ட நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். உதடு குறுகுறுத்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் தங்கச்சி நின்றாள். அவள் இறந்து அப்போது இருபத்திரண்டு வருடம்.

வீங்கி மூடிய கண்கள், தடித்த உதடு. கடைசியாக நாங்கள் பார்த்த அதே முகம். கையைத் தூக்கினேன், அவளும் தூக்கினாள். கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை, மூச்சுதான் கீச்சிட்டது. டாக்டர் ஓடி வந்து தொடையில் ஊசி போட்டார்.

தங்கச்சி செத்தது கிள்ளான் பக்கம் காப்பாரில், எங்கள் வீட்டருகே இருந்த செம்பனைத் தோட்டத்தில். வயது பத்தொன்பது. பட்டப்பகலில் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குறுக்குவழியில் நடந்தவள், ஒரு மரத்தடியில் விழுந்து கிடந்தாள். காயமில்லை, பாம்பு தீண்டிய தடமில்லை. "இது என் பொண்ணு முகமே இல்ல" என்று அம்மா அலறினார். அந்த மரத்தில் இருப்பது அடித்துவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன். படித்து வேலைக்குப் போன பிறகும் நம்பினேன்.

பல் டாக்டர் என்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒவ்வாமை ஆராய்ச்சி செய்யும் இளம் பெண் டாக்டர் அங்கே இருந்தார்.

"தோல்ல குத்திப் பாக்க வேணாம்லா அக்கா. ஒங்களுக்கு ஏற்கனவே மூச்சு அடைச்சிருக்கு, ரிஸ்க். ஒரு சொட்டு ரத்தம் போதும்."

விரல்நீள அட்டை ஒன்றில் ரத்தத்தை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் அதில் இருக்கின்றனவாம். எந்த உணவை என் ரத்தம் எதிரியாக நினைக்கிறதோ, அதற்குரிய கட்டத்தில் அவை போய்ச் சேருமாம். நிலக்கடலை, முட்டை, மீன் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு, யாரோ உள்ளிருந்து வரைவது போல மெல்லச் சிவந்தது.

"தங்கம்னா மஞ்சளாத்தானே இருக்கும்?"

"அவ்வளவு பொடிசானா செவப்பாத் தெரியும். இது இறால், அக்கா."

"நான் இறாலே சாப்பிடல டாக்டர்."

"சம்பால்ல பிளாச்சான் போட்டிருப்பாங்க. அது குட்டி இறால அரைச்சதுதானே."

தங்கச்சி செத்த அன்று அவள் பையில் ஒரு வெறும் நாசி லெமாக் இலை இருந்தது. சம்பால் தின்றால் தொண்டை அரிக்கிறது என்று அவள் அடிக்கடி சொல்வாள். காரம் என்று நினைத்தோம்.

ஒவ்வொரு வருடமும் அவளுடைய திதியன்று அம்மா தோட்டத்து ஓரத்துக்குத் தனியாகப் போய்ப் படையல் வைப்பார். அவளுக்குப் பிடித்ததெல்லாம் இருக்கும். சம்பால் இரண்டு கரண்டி கூடுதலாக. அந்த வருடம் நானும் கூடப் போய், அம்மா இலையை விரிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"மரம் இல்லம்மா. சம்பால்."

அம்மா சம்பால் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ இத்தன வருஷமா எம்புள்ளைக்கு நான் எதக் குடுத்துக்கிட்டு இருந்தேன்?" என்றார். காற்றே இல்லை. ஆனாலும் இலை லேசாக அசைந்ததை இருவரும் பார்த்தோம்.

பிறகு அந்த ஒவ்வாமை டாக்டரின் சிகிச்சை ஆய்வில் சேர்ந்தேன். உடம்புக்குள் தானே கரைந்துவிடும் நுண்துகள்களில் இறாலின் புரதத்தைப் பொதிந்து ஊசியில் ஏற்றினார்கள். "உள்ள வந்திருக்கிறது இறால்னு ஒங்க ஒடம்பு கண்டுபிடிக்காது. அப்படியே மெல்ல பழகிக்கும்" என்றார் டாக்டர். வேஷம் போட்ட ஒன்று எனக்குள் நடமாடுகிறது என்ற நினைப்பில் பல நாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து, அவசர ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகம் அளவு இறால் துண்டைத் தின்னக் கொடுத்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி, கண் இமைக்காமல் என்னையே பார்த்தார். இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை.

"முழுசா கொணமாயிருச்சுன்னு நெனைக்காதீங்க. இறால் பக்கம் போக வேணாம். தெரியாம கொஞ்சம் பட்டா உயிர் போகாது, அவ்வளவுதான். ஊசி பையிலேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

கிள்ளான் போகும் ரயிலில் ஏறிய பிறகும் அம்மா என் கையை விடவில்லை. எங்களுக்கு எதிர் இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அதில் உட்காரவில்லை.