சொல்லாமல் விட்ட ‘வரேன்’

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் நிற்கிறது. அகதி முகாமிலிருந்து இலங்கைக்குத் திரும்பும் ஓர் அக்கா என் எதிரில் அழுதுகொண்டு உட்கார்கிறார். இந்த ஊர்ப் பட்டறையில் அவரோடு பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடித்த செல்வி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள்.

“அங்கதான் சமாதானம் ஆயிடுச்சே, ஏன்க்கா அழுவுறீங்க?” என்று கேட்கிறேன்.

“ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சிட்டினம். எங்கட வீட்டுக்குள்ள இன்னும் ஆமிக்காரர்தான் இருக்கினம்.”

ரயில் நகர்கிறது. “போறன் செல்வி.”

“ஐய, போறேன்னு சொல்லாதீங்க! போயிட்டு வரேன்னு சொல்லுங்க!” செல்வி கூடவே ஓடி வருகிறாள். அக்கா வாய் திறக்கவில்லை.

பெண்ணாடம் தாண்டியதும் என்னிடம் கேட்கிறார்: “நான் திரும்பி வாறதெண்டா, அங்க திரும்பவும் சண்டை எண்டுதானே தங்கச்சி?”

எங்கள் வீட்டில் ஒப்பந்தச் செய்தியை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டியவள் நான். வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. சண்டை வராது என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.