கடைக்கு எதிரே நின்ற வேன்

எங்கள் ஊரான சிடாம் கிரியில் எங்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் ஒடுங்கிய முகத்துக்காரர். சம்சு சாராயம் விற்கும் கடையைத் தவிர்க்கத் தினமும் சுற்றுவழியில்தான் போவார்.

"குடியிலேர்ந்து இயேசு விடுதலை கொடுத்துட்டாருன்னு சொல்றீங்களே தம்பி, பிறகு ஏன் பயம்?" என்று கேட்டேன்.

"பாவம் இப்ப எனக்கு முதலாளி இல்லலா அண்ணே. ஆனா அது கூப்பிட்டா இன்னும் திரும்பிப் பார்க்குறேன்."

ஒருநாள் சுற்றுவழி வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. வேனில் நான் மட்டும்தான். கடைக்கு எதிரே வந்ததும் நிறுத்திவிட்டார்.

"நீங்க ஓட்டுங்க அண்ணே."

எனக்கு ஓட்டத் தெரியாது, ஜெபிக்கவும் தெரியாது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தபடி அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஆண்டவரே, என்னால முடியாது" என்று வாய்விட்டு அழுதுகொண்டே வேனைக் கிளப்பினார்.

முடியாது என்று அழுதவரால் எப்படிக் கடையைத் தாண்ட முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.