எவேலியோவின் காருக்கு முன்னால் நின்ற மாதா

சாந்தியாகோவில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் எவேலியோவின் காரைத் தள்ளிய அனுபவம் உண்டு. ஐம்பத்து மூன்றாம் வருடத்து அமெரிக்கக் கார். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே ரஷ்ய டிராக்டரின் பம்ப், வாஷிங் மெஷின் பெல்ட். அவனுக்கோ அது அப்பன் விட்டுப்போன ராஜ்ஜியம்!

போன வருடம் அவன் மனைவி நெரெய்தாவுக்குத் தொண்டையில் கட்டி. பிழைத்தால் சொந்தக் காரிலேயே மலைமேல் இருக்கும் கோப்ரே மாதா கோயிலுக்கு வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிழைத்தாள். நன்றிக்கடனாக எவேலியோ ஒரு தகரத்தில் மாதா படம் வரையச்சொல்லி, ரேடியேட்டருக்கு முன்னால் திருகிவைத்தான். செப்டம்பர் திருவிழாவுக்குக் கிளம்பினார்கள். மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அடுத்த மாதமும் அதே இடம். அதற்கடுத்த மாதமும்.

"மாதாவுக்கு என்னைப் பிடிக்கல அக்கா. வராதேங்கறா," என்று என்னிடம் அழுதாள். சாவையே ஜெயித்தவள் ஒரு ரேடியேட்டரிடம் தோற்பதா?

எவேலியோ சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டரை வினிகர் ஊற்றிக் கழுவினான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினான். ஒவ்வொரு முறை கொதித்த பிறகும் காவலுக்கு முன்னதைவிடப் பெரிய தகரமாக மாற்றினான். கடைசியாக வந்தது ஜன்னல் கதவு அகலம்.

நான் முப்பது வருடம் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவள். இந்த வருடத் திருவிழா காலையில் பொறுக்கமாட்டாமல் எஞ்சினை ஓடவிடச் சொல்லி, முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தேன்.

"பாருடா, உள்ள விசிறி காத்தை இழுத்தா காகிதம் போய் ஒட்டிக்கணும். கீழ விழுது. காத்தே போகல. உன் தகரம்தான் மறிக்குது."

"வாயைக் கழுவு அக்கா! மாதாவைப் போயி..."

"மாதாவை இல்லடா, தகரத்தை!"

"அவளை எடுத்துட்டு, நெரெய்தாவுக்கு மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?" அவன் குரல் உடைந்தது. நான் செய்தித்தாளை மடித்தேன்.

நெரெய்தாதான் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். நான்கு திருகையும் கழற்றினாள். முன் சீட்டில் உட்கார்ந்து தகரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டு," என்றாள்.

பின் சீட்டிலிருந்து நான் எஞ்சின் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிக்கு வந்தது, அங்கேயே நின்றது. வழக்கமாகக் கொதிக்கும் திருப்பத்தில் எவேலியோ பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தான்.

"நிறுத்தாதடா பாவி!" என்று கத்தினேன்.

கோயில் வாசலில் நெரெய்தா மலைப்பாதைத் தூசியைத் தகரத்தின் முகத்திலிருந்து துடைத்தாள். "நீ என்னை வேண்டாங்கறேன்னு நெனச்சேனே தாயே," என்று விம்மினாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

ஊர் திரும்பியதும் எவேலியோ தெருவுக்கே முழங்கினான். "மாதாவே உள்ள வந்து உக்காந்தா எஞ்சின் எப்படிக் கொதிக்கும்?" செய்தித்தாள் பிடித்தவளைப் பற்றி மூச்சே இல்லை.

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தகரம் இருந்த இடத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு மாதா படம்.

"இது காத்தை மறிக்காதுல்ல அக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

வைய வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை. எஞ்சினை ஓடவிடச் சொல்லிக் காகிதத்தைப் பிடித்தேன். ஒட்டிக்கொண்டது.