பிலோமினா துடைத்த வானம்

திங்கட்கிழமை காலை, அம்பத்தூர் நிலையத்தில் மின்வண்டிக்காக நின்றபோது செய்தி வந்தது. "பிலோ போயிட்டா. நாளைக்கு அடக்கம்" என்று பிலோமினாவின் கணவர் அந்தோணி நம் அஞ்சலட்டைக் குழுவில் எழுதியிருந்தார். நான் ஏற வேண்டிய வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது. அப்புறம் எதிர் நடைமேடைக்குப் போய், அவர் வீட்டுப் பக்கம் போகும் ஆவடி வண்டியில் ஏறினேன்.

பழைய பட அஞ்சலட்டை சேர்க்கும் நமக்கெல்லாம் பிலோமினாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் பிழைப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் முத்தாபுதுப்பேட்டை வீட்டின் முன்னறையில் கிழிந்த, கறைபட்ட அஞ்சலட்டைகளைச் சீர்செய்வது அவர் பித்து. எங்கள் முதல் சந்திப்பு ஒரு பழைய புத்தகக் கடையில். ஓர் அட்டையை வாங்குவதா வேண்டாமா என்று நான் புரட்டிக்கொண்டிருந்தேன். "இன்னாண்ணே, பாத்துகினே நின்னா கார்டு குட்டி போடுமா? வாங்கு, இல்ல நவுரு" என்றார். நகர்ந்தேன். அவர் வாங்கிவிட்டார். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் எங்கள் நட்பு.

தொடக்க கால அட்டைகளில் பின்பக்கம் முகவரிக்கு மட்டுமே. சேதி எழுத வேண்டுமென்றால் முன்பக்கத்தில், படத்தின் ஓரத்திலோ வானத்திலோதான் எழுத வேண்டும். படத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று நம்மில் சிலர் அங்கலாய்ப்போம். பிலோமினாவுக்கு அது பிடிக்காது. "படம் ஆயிரம் பேருக்கு அச்சடிச்சது. எயுத்து ஒருத்தருக்கு எயுதினது" என்பார். அதனால் எந்த அட்டையிலும் கை வைக்கும் முன் மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து, எங்கே என்ன கீறல் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். ஒரே ஒரு முறைதான் அது தவறியது.

மாங்காட்டில் கலா என்ற ஆசிரியை வீட்டில் ரங்கூன் துறைமுகப் படம் போட்ட அட்டை ஒன்று இருந்தது. கலாவுடைய அம்மாவின் தாத்தா அங்கே வேலைக்குப் போய் அனுப்பியது. வந்தது அந்த ஓர் அட்டைதான், ஆள் திரும்பவில்லை. பூசை அலமாரியில் பல காலம் இருந்து விளக்குப் புகை படிந்து கறுத்திருந்தது. துடைத்துக் கொடுங்கள் என்று கலா தந்தார். மறுநாள் தேவாலய மண்டபத்தில் நம் கண்காட்சி. அந்த அட்டையை நடுவில் வைக்க எனக்கு ஆசை. பக்கத்தில் உட்கார்ந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று அரித்துக்கொண்டிருந்தேன். விளக்கைச் சாய்க்காமலே அவர் வேலையைத் தொடங்கினார். அழிரப்பர் தூளை வானத்தின் மேல் தூவி விரல் நுனியால் உருட்டினார். புகை தூளில் ஒட்டிக்கொண்டு வந்தது. புகைக்கு அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்திருக்கிறது. நாங்கள் கவனித்தபோது அதன் பின்பாதியும் தூளோடு வந்துவிட்டிருந்தது.

'குழந்தைக்கு என்ன' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

அங்கே எழுத்து இருந்ததே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, முழுவதையும் துடைத்துவிட்டால் போயிற்று என்றேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிலோமினா கோபப்படவில்லை. "எனுக்குத் தெரியுதே" என்றார். பிறகு விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். பென்சில் போனாலும் அது அழுத்திய தடம் தாளில் இருந்தது. படியுங்கள் என்றேன். "அவங்க ஊட்டுக் கடுதாசி. அவங்க மொதல்ல படிக்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டு அதையும் பையில் எடுத்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே ஆட்டோவில் மாங்காடு போனோம். உட்காரும் முன்பே, "உங்க தாத்தா எயுதினதுல பாதிய நான் அழிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டார். எண்பதைத் தொட்டிருந்த கலாவின் அம்மா அட்டையை வாங்கி மேசையின் மேல் வைத்தார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா சன்னல்களைச் சாத்தி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். கலா எழுத்துக் கூட்டி வாசித்தார்: "குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?"

அந்தக் குழந்தை அம்மாவின் அப்பா. அம்மா மேசையின் மேல் குனிந்து, அந்த அட்டையிடமே சொன்னார்: "கோயிந்தராசுன்னு வெச்சாங்க."

கண்காட்சியில் அட்டையின் பக்கத்தில் பிலோமினா ஒரு துண்டுச்சீட்டு வைத்தார். 'இந்த வரியின் பின்பாதியை அழித்தது நான். பக்க வெளிச்சத்தில் படிக்கலாம். பிலோமினா.' அவசரப்படுத்தியது நான் என்று அதில் இல்லையே என்றதற்கு, "கை என்னுதுண்ணே" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். இத்தனை நாளும் விட்டே வைத்திருந்தேன்.

அடக்கத்துக்குக் கலாவும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் மாங்காடு போனேன். அட்டைக்குப் பின்னால் அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தன் தவறைத் தானே போய்ச் சொல்லும் துணிவு, பிலோமினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். சீட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே, 'அவசரப்படுத்தியவன்' என்று எழுதி என் பெயரையும் போட்டுவிட்டு வந்தேன்.