நாற்பது டாங்கிகளும் ஒரு வார்னிஷ் டப்பாவும்

தூரிகையை வர்ணத்தில் தோய்த்ததும் பாக்கியமேரி அதன் நுனியை இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஒருதரம் இழுத்துப் பார்ப்பாள். வர்ணம் தண்ணியா, கெட்டியா என்று அதில் தெரிந்துவிடும். இருபது வருஷமாக அப்படித்தான். அந்த நகத்தைப் பார்த்தே தெருவில் சொல்லிவிடுவார்கள். நீலமாக இருந்தால் மாதா சொரூபம், காவியாக இருந்தால் அந்தோனியார். அறுபத்து நாலாம் வருஷம் மட்டும் நாலு மாதம் அந்த நகம் ஏரிச் சேற்று நிறத்தில் இருந்தது. எந்தப் புனிதருக்கும் அந்த நிறத்தில் உடுப்பு கிடையாது.

திண்டிவனத்தில் கிளியனூர் போகிற ரோட்டில் அவள் அண்ணன் தொம்மை கடை வைத்திருந்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவான், கோயில் சொரூபங்களுக்கு வர்ணம் பூசுவான். அம்மா செத்த வருஷம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன பாக்கியமேரி, அண்ணனுக்கு வர்ணம் குழைத்துக் கொடுக்க உட்கார்ந்தாள். சில வருஷத்தில் கண், உதடு, விரல் நகம் எல்லாம் அவள் வேலையாகிவிட்டது. வாங்க வருகிறவர்கள், "தொம்மை, கண்ணு உயிரோட பாக்குதுப்பா" என்பார்கள். அவன் தலையாட்டிக்கொள்வான். அவள் உள்ளே தட்டிக்குப் பின்னால் இருப்பாள். வேற்று மனிதர் வந்தால் அவளுக்கு வாய் திறக்காது. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் விழுப்புரத்திலிருந்து கேப்டன் பாண்டுரங்கன் வந்தார். பட்டாளத்திலிருந்து ரிடையராகி நிலம் பார்த்துக்கொண்டிருந்தவர். கூட வந்த ஆள் ஒரு சாக்கை அவிழ்த்தான். உள்ளே மரத்தில் செய்த சின்னச் சின்ன வண்டிகள். டாங்கி, லாரி, ஜீப்பு, பீரங்கி இழுக்கிற வண்டி என்று நாற்பது. எதுவும் உள்ளங்கையைத் தாண்டாது. டாங்கிக்குப் பீரங்கிக் குழாயாக சைக்கிள் கம்பியை வெட்டிச் செருகியிருந்தது.

"பேரப் புள்ளைங்களுக்கா சார்?" என்றான் தொம்மை.

"எனக்குத்தான்யா. வீட்ல மேசை மேல மணலக் கொட்டி, மேடு பள்ளம் எல்லாம் பண்ணி வச்சிருக்கேன். பாண்டிச்சேரியில செபஸ்தியான்னு ஒரு சிநேகிதரு, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரரு. மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ரெண்டு பேரும் சண்டை போடுவோம். தாயக்கட்டை உருட்டி, அடிக்கோல் வச்சி அளந்து, வண்டிய நவுத்தறது. வர்ணமில்லாம வெறும் மரமா நின்னா சண்டை மாதிரியே இல்லை."

அவர் பேசிக்கொண்டே தட்டிப் பக்கம் பார்த்தார். பாக்கியமேரி ஒரு டாங்கியை எடுத்து, பக்கவாட்டில் எண் எழுத இடம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நுணுக்க வேலை யாரு செய்யறது?"

தொம்மையின் பெண்சாதி சவுரியம்மாள் முந்திக்கொண்டாள். "அவதாங்க. இவரு பெரிய பிரஷ்ஷு மட்டுந்தான்."

கேப்டன் சிரித்தார். "அப்ப கேளும்மா. ஒரு பள்ளிக்கூடத்துல என்.சி.சி. பசங்களுக்குப் பாடம் நடத்த இதே மாதிரி நூத்தி இருபது வண்டி கேக்கறாங்க. இது சரியா வந்துச்சின்னா அந்த ஆர்டர உன் பேருக்கே எழுதச் சொல்றேன். கடை பேருக்கு இல்ல."

பாக்கியமேரி டாங்கியைச் சாக்கில் வைத்துவிட்டு வர்ணம் குழைக்கப் போனாள். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பேச்சு அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயர் ஞானஸ்நான ஏட்டிலும் பள்ளிக்கூட ஏட்டிலும் எழுதப்பட்டதோடு சரி.

முதல் தடவை பச்சை எனாமல் பூசி, வெள்ளையில் எண்கள் எழுதி முடித்தாள். தொம்மை வழக்கப்படி கடைசியில் இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்தான். அந்தக் கடையிலிருந்து வார்னிஷ் போடாமல் ஒரு பொருளும் வெளியே போனதில்லை. மழையில் நனைகிற சப்பரத்துக்கும் போடுவான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகிற சொரூபத்துக்கும் போடுவான்.

அண்ணனும் தங்கையும் பாசஞ்சரில் விழுப்புரம் போய் வண்டிகளைக் கொடுத்தார்கள். செபஸ்தியானும் அன்று வந்திருந்தார். மேசையில் செம்மண் மேடும், நீலத் துணியில் ஓர் ஆறும், காய்ந்த துடைப்பக் குச்சியில் பனைமரங்களும் இருந்தன. வண்டிகளை அடுக்கினார்கள். ஜன்னல் வெயில் பட்டதும் நாற்பதும் மின்னின.

செபஸ்தியான் ஒரு டாங்கியைத் தூக்கிப் பார்த்தார். "பாண்டு, இது டாங்கியா தேரா? மேல மாதாவ நிக்க வச்சா தெரு சுத்தி வரலாமே."

கேப்டன் சிரிக்கவில்லை. "தப்பா நெனைக்காத தொம்மை. நெசமான சண்டையில இந்த பளபளப்பு ரெண்டு மைலுக்குத் தெரியும். எதிரி குறி பார்க்கவே வேணாம். மங்கலா வேணும். புழுதி பட்ட மாதிரி. ஐப்பசிக்குள்ள குடுத்தா போதும்."

ரயிலில் திரும்பும்போது தொம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். "புழுதி பட்ட மாதிரி வேணும்னா ரோட்ல போட்டு எடுத்துக்கினு போக வேண்டியதுதானே. நம்மள எதுக்கு பேஜாரு பண்றாரு."

மறுநாளிலிருந்து பாக்கியமேரி உப்புக் காகிதம் வைத்து நாற்பதையும் தேய்த்தாள். சொரூப வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில்தான். எனாமலை விட்டுவிட்டு வர்ணப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினாள். மங்கலாக வந்தது. ஆனால் தொட்டால் கையெல்லாம் பச்சை. தொம்மை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வேட்டியில் கறை பண்ணிக்கொண்டான்.

"வண்டிய நவுத்தி நவுத்தி ஆடறவங்க. அவுங்க கையி கிளி மாதிரி ஆயிடும்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். அவளுக்கே அது தெரியும். கழுவி, மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, மூன்று மாதம் போயிற்று. இடையில் ஒருநாள் மெயின் ரோட்டில் பட்டாள லாரிகள் வரிசையாக வந்து, ஒன்று கெட்டுப்போனதால் எல்லாம் புளியமர நிழலில் நின்றன. பாக்கியமேரி தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக நின்று பார்த்தாள். லாரி மேல்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. கீழே சக்கரத்தைச் சுற்றி வண்டல் நிறம். கதவைத் திறக்கிற இடத்தில் கை பட்டுப் பட்டு வர்ணம் போய்த் தகரம் தெரிந்தது. பச்சை என்று ஒரே நிறம் அதில் எங்கேயும் இல்லை. குடம் இடுப்பில் கனத்தது தெரியாமல் அரை மணி நேரம் நின்றாள்.

அப்புறம் வழி கிடைத்தது. ஆசாரிகள் மரம் ஒட்டுகிற வச்சிரத்தை நீர்க்கக் காய்ச்சி, அதில் பொடியைக் குழைத்தாள். காய்ந்ததும் விரலால் அழுத்தித் தேய்த்தாள். ஒட்டவில்லை. மேல்பக்கம் வெளுத்த பச்சை, கீழே செம்மண் கலந்த சாம்பல், விளிம்புகளில் பென்சில் கரி, பக்கத்தில் மறுபடி எண்கள். நாற்பதும் முடிந்தபோது அவை உண்மையாகவே எங்கேயோ போய் வந்த வண்டிகள் மாதிரி இருந்தன. பலகை மேல் வரிசையாக வைத்துத் துணி போட்டு மூடினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்பது வண்டியும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. தொம்மை பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். முகத்தில் பெருமை.

"புதன்கிழமை குடுக்கணுமே, அதான் ஜல்தியா முடிச்சிட்டேன். ஒரே ஒரு கோட்டுதான், லேசா."

"இன்னாண்ணா இது."

"கையில ஒட்டுதே. நீ மூணு மாசமா மாரடிச்சது வீணாப் போவக் கூடாதுல்ல."

"ஒட்டாதுண்ணா. வச்சிரம் சேத்துட்டேன்."

தொம்மையின் கை நின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே."

"நான் கேக்கலன்னா நீ சொல்லக் கூடாதா? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்க?"

சவுரியம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அவளுக்கு வாயி இல்ல, உங்களுக்குக் கண்ணு இல்ல. நடுவுல நான் வந்து மாட்டிக்கினேன்."

பாக்கியமேரி அழவில்லை. அழுதால் அண்ணன் சமாதானம் சொல்ல வருவான், அதைத் தாங்க முடியாது. வார்னிஷ் இறுகத் திங்கட்கிழமை ஆயிற்று. அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்து, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். வேகமாகத் தேய்த்தால் மூலையில் மரம் தெரிந்தது. மெதுவாகத் தேய்த்தால் நாள் போயிற்று. தொம்மையும் உட்கார்ந்து தேய்க்கப் பார்த்தான். இரண்டு வண்டியில் எண்களை அழித்ததும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். புதன்கிழமை விடிந்தபோது பதினொன்று மட்டும்தான் மங்கியிருந்தன. மீதி இருபத்தொன்பதும் அப்படியே.

கேப்டன் தன் வீட்டு மேசையில் அந்தப் பதினொன்றையும் தனியாக எடுத்து வைத்தார். குனிந்து ஒன்றை மணலோடு ஒட்டிய உயரத்தில் வெகுநேரம் பார்த்தார். "நாங்க ஓட்டின வண்டி இதுதான்" என்றார், மெதுவாக.

"பதினொண்ணு சண்டைக்குப் போயிட்டு வந்திருக்கு" என்றார் செபஸ்தியான். "மீதி எல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்பி நிக்குது."

பள்ளிக்கூடத்து என்.சி.சி. வாத்தியாரும் வரவழைக்கப்பட்டிருந்தார். அவர் மேசையைச் சுற்றி வந்தார். பளபளக்கிற ஜீப்பு ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இது நல்லாருக்குது சார். இந்த மாதிரியே வேணும். இன்ஸ்பெக்ஷனுக்குப் பெரியவங்க வருவாங்க, பாத்தா ஜோரா இருக்கணும். அந்தப் பதினொண்ணு பழசா?"

கேப்டன் விளக்கிச் சொன்னார். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசங்களுக்கு அதெல்லாம் எதுக்குங்க" என்றார். கேப்டன் விடவில்லை. கதவோரம் நின்றவளைக் காட்டினார். "வேலை செஞ்சது இந்தப் பொண்ணு. ஆர்டர அது பேர்ல போடுங்கன்னு சொல்லியிருந்தேன். எது சரின்னு அதையே கேளுங்க. சொல்லும்மா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புளியமரத்தடி லாரி அவள் கண்முன் வந்தது. வெளுத்த மேல்பக்கம், வண்டல் படிந்த சக்கரம், தகரம் தெரிந்த கதவு, எல்லாம் வரிசையாக வந்தன. நாக்கு மட்டும் எழவில்லை. முந்தானை முனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தொம்மை தொண்டையைச் செருமினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே சொன்னான். "அது கூச்சப்படுங்க. நீங்க எப்பிடி கேக்கறீங்களோ அப்பிடியே செஞ்சி குடுத்துடறோம்."

"அப்ப கடை பேருக்கே எழுதிடறேன். அதுதான் ஆபீசுக்கும் சுலபம்" என்றார் வாத்தியார்.

அந்த நூற்றிருபது வண்டிகளும் மறு வருஷம் தயாராகின. பச்சை எனாமல், வெள்ளை எண்கள், இரண்டு கோட்டு வார்னிஷ். எண்களை அவள்தான் எழுதினாள். இப்போது அறுபத்தொன்பதாம் வருஷம். கேப்டனும் செபஸ்தியானும் மாதம் ஒருமுறை இன்னும் ஆடுகிறார்கள், அந்தப் பதினொன்றை மட்டும் வைத்து. மற்ற இருபத்தொன்பது பரண் மேல் இருக்கின்றன. கடைக்குப் பெயர் தொம்மை ஆர்ட்ஸ். பாக்கியமேரி பெயரில் இதுவரை ஒரு ஆர்டரும் வரவில்லை.