எத்தியோப்பியாவில் அம்மாவின் வீடு

எங்கள் அம்மாவை ஆம்பூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உங்களில் பலர் அன்று எங்களுக்குத் தோள் கொடுத்தவர்கள். அந்த உரிமையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இன்றைய ஜெபத்துக்கு வரவில்லை. "பொண்டாட்டிய மண்ணுல வெச்சு மூணு வாரம் ஆகல, பிளேன் ஏறிட்டாரு" என்று பேசியவர்கள் நம் உறவில் உண்டு. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அம்மாவின் வாழ்க்கையை எழுதினால்தான் அதற்குப் பதில் கிடைக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததுமே ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கம்பெனி வேன் ஊருக்குள் வராது. விடியும் முன் எழுந்து மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். முதல் வருடம் பசை தடவும் வேலை, பிறகு தையல் மெஷின், அதன் பிறகு நாற்பது பெண்கள் கொண்ட லைனுக்கு சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தையும் மீறி அம்மாவின் குரல் கேட்கும் என்று அவரோடு வேலை செய்த அக்காக்கள் இன்றும் சொல்கிறார்கள். யாருக்குக் குழந்தை, யாருக்கு மாமியார் சண்டை, யார் காலையில் சாப்பிடாமல் வந்தார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். பேச்சுதான் அம்மா.

அப்பா அதற்கு நேர்மாறு. டேனரியில் பினிஷிங் பிரிவு. பதப்படுத்திய தோலுக்கு நிறம் அடிக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவின் டேனரியில் ஆர்டர் குறைந்து பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்த மேல்விஷாரத்து பாய் ஒருவர் போன் செய்தார். அவர் எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு டேனரியில் மேனேஜராக இருந்தார்.

"தம்பி, தனியா வந்தா மூணு மாசத்துல ஓடிடுவ. நெறய பேர பாத்துட்டேன். சம்சாரத்தோட வா. கம்பெனில வீடு குடுப்பாங்க" என்றார்.

அங்கே நான் படிப்பதற்குப் பள்ளி இல்லை. என்னை ஆம்பூரில் சித்தி வீட்டில் விட்டார்கள். அம்மா தன் லைனை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக வேலை இல்லாதவராகப் பிளேன் ஏறினார்.

அங்கே கழிந்த முதல் எட்டு மாதங்களைப் பற்றி அம்மா வெகுகாலம் யாரிடமும் பேசவில்லை. மதில் சூழ்ந்த வீடு. வாசலில் ஒரு காவலாளி, அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அம்மாவுக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மலை மேலிருக்கும் நாடு அது. நம் ஊரில் வெயில் கொளுத்தும்போது அங்கே ஸ்வெட்டர் போட வேண்டும். அப்பா காலையில் போனால் இருட்டும்போது வருவார். அம்மாவுக்கு வேலை செய்ய பர்மிட் இல்லை. அப்பாவின் சட்டைக் காலர்களைப் பிரித்து மறுபடி தைப்பாராம். நன்றாக இருக்கும் காலரைத்தான்.

ஒரு நாள் மாலை அம்மா எனக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கு நான் பேசற மொத பேச்சு இதாம்மா" என்றார்.

நான் சித்தி வீட்டு மாடிப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போனவர்கள் என்ற கோபம் எனக்கு. சித்தி என்னைத் தன் பிள்ளைகளைப் போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனாலும் அந்த வீட்டில் இரண்டாம் முறை குழம்பு கேட்க எனக்குக் கூச்சம். "நான் படிக்கணும்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை. இதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதும் தகுதி எனக்கு இல்லை.

அந்த வாரத்தில்தான் அம்மா பெட்டியைக் கட்டியிருக்கிறார்.

"இன்னாங்க, என்னால முடியல. நீங்க வீட்டுக்கு வந்தாகூட வாயத் தொறக்க மாட்டேன்றீங்க. நான் ஊருக்குப் போறேன்."

"இன்னா பேசறது? காலைல இருந்து தோலு, ஸ்ப்ரே, தோலு. அதயா வந்து சொல்றது?"

"அதயே சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அப்பா எழுந்து பெட்டியருகே வந்தாராம். பிறகு, "நீ போய்ட்டா நான் மட்டும் இங்க இருக்க மாட்டேன். வா, ரெண்டு பேருமே போய்டலாம்" என்று தன் சட்டைகளையும் எடுத்து அந்தப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஊரில் அவருக்கு வேலை இல்லை. மகளுக்கு இன்னும் கல்லூரிப் படிப்பு இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாராம்: "போறதுன்னா எப்ப வேணா போலாம். அதுக்கு முன்ன பக்கத்து ஷூ பேக்டரில நான் ஒருவாட்டி கேட்டுப் பாக்கறேன்."

மேல்விஷாரத்து பாய், "பர்மிட் வாங்கறது ரொம்ப பேஜாரும்மா" என்று தயங்கினார். ஆனாலும் சொல்லி வைத்தார். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வரச் சொல்லி அந்த பேக்டரியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அம்மா நல்ல புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, சரியாக மதியம் இரண்டு மணிக்குப் போய் கேட்டில் நின்றார். காவலாளி கைக்கடிகாரத்தைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினான். அந்த நாட்டில் சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுவார்கள். நமக்குக் காலை எட்டு மணி என்றால் அவர்களுக்கு அது இரண்டு. பார்க்கச் சொன்ன மேனேஜர் காலையில் காத்திருந்துவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்.

"நாப்பது பேர மேய்ச்ச சூப்பர்வைசரு, மணி பாக்கத் தெரியாதவளா நின்னேன்" என்று அம்மா பின்னாளில் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து உள்ளே திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நின்றாள். பெயர் ஆல்மாஸ். இருபத்தைந்து வயதிருக்கும். என்ன என்று கையால் கேட்டாள். அம்மா இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, மெஷினில் தோலைத் தள்ளுவதுபோல் காட்டினார். ஆல்மாஸுக்கு உடனே புரிந்துவிட்டது. காவலாளியிடம் ஏதோ சண்டை போட்டு, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், காலியாக இருந்த ஒரு மெஷினில் உட்கார வைத்தாள். அம்மா ஒரு ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தார். சுற்றி நின்ற பெண்கள் அதை ஆளாளுக்கு வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலை மேனேஜர் அதைப் பார்த்தார். பர்மிட் வர நான்கு மாதம் ஆனது. ஆனால் வேலை அன்றே முடிவாகிவிட்டது.

அதன் பிறகு காலையில் அம்மாவும் அப்பாவும் செம்மண் சாலையில் இருபது நிமிடம் சேர்ந்து நடந்து போவார்கள். அதே வழியில் சேர்ந்து திரும்புவார்கள். "பதினெட்டு வருஷமா பேசாத மனுஷன் இந்த ரோட்டுலதான் பேச ஆரம்பிச்சாரு" என்று அம்மா ஒருமுறை போனில் சொன்னார். என்ன பேசுவாராம் என்று கேட்டேன். "தோலு, ஸ்ப்ரே, தோலுதான்" என்றார். அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை. எனக்கு ஏனோ பொறாமையாக இருந்தது.

அம்மா அங்கே வேலை செய்த ஆண்டுகளில்தான் நான் வேலூரில் கல்லூரி முடித்தேன், வேலைக்கும் போனேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருவரும் வந்தார்கள். வீடு வீடாகப் போய் எல்லோரையும் பார்த்தார்கள். கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அம்மாவின் முகம் தெளிவதை நான் கவனித்திருக்கிறேன். கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

நோய் தெரிந்ததும் அம்மா சிகிச்சைக்கு வேலூர் வந்தார். அப்பா ஒரு மாதத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கடைசி இரண்டு மாதம் அம்மா என் வாடகை வீட்டில், உறவினர் சூழத்தான் இருந்தார். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள், ரசம் வைத்துக் கொண்டுவந்தீர்கள், ஜெபம் செய்தீர்கள். அம்மா எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வலி என்று நினைத்தோம்.

ஒரு நாள் பகலில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"ஏம்மா யார்கிட்டயும் பேசவே மாட்டேன்ற?"

"இன்னா பேசறதுன்னு தெரிலம்மா. அவங்க சொல்றவங்க யாரையும் எனக்குத் தெரில. நான் சொன்னா அவங்களுக்குத் தெரியாது."

"இது உன் ஊருதானேம்மா."

"ஊருதான். யாரு இல்லன்னு சொன்னது. அங்க வீட்டுல உங்கப்பா கெளம்பறப்ப கொடில காயப் போட்ட துணி அப்படியே இருக்காம். மழ வேற. இன்னாச்சோ."

அம்மாவுக்கு இங்கேயும் அந்த எட்டு மாதம் திரும்பி வந்திருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்றிருந்த அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் பகலில் அவர் அம்மாவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோலுக்கு எந்த நிறத்தில் எதைக் கலந்தால் என்ன வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பகலில்தான் அம்மாவின் மூச்சு நின்றது.

மூன்றாம் வாரம் அப்பா கிளம்பினார். "அம்மா இங்கதான் இருக்காங்க, கல்லறையில. நீங்க எங்க போறீங்க?" என்று கத்தினேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஐந்து மாதம் நான் அவரோடு பேசவில்லை.

பிறகு மனம் கேட்காமல், லீவு போட்டுவிட்டு நானே அங்கே போனேன். அப்பா விமான நிலையத்தில் நின்றிருந்தார், இளைத்திருந்தார். அந்த வீட்டில் அம்மாவின் ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அப்பா இப்போதும் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போகிறார், தனியாக. மறுநாள் ஆல்மாஸ் என்னைத் தன் பேக்டரிக்கு அழைத்துப் போனாள். அம்மா பார்த்துக்கொண்ட லைன் இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மெஷினை வேகமாக ஓட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தட்டி, "மெதுவா, மெதுவா" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அது எந்த மொழி என்று ஆல்மாஸிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். இந்த லைனில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம் என்றாள்.

அப்பாவிடம் வந்து சொன்னேன். "தெரியும்" என்றார். "டேனரி வேல முடிஞ்சதும் அந்த கேட்டாண்ட கொஞ்ச நேரம் நிப்பேன். அந்தப் பொண்ணுங்க வரும்போது ஒரு வார்த்த ரெண்டு வார்த்த உங்கம்மா மாதிரியே பேசிட்டு வருவாங்க. ஆம்பூர்ல யாரும்மா அப்படி பேசுவாங்க?"

அம்மாவின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், என்னை வளர்த்த சித்தி, சித்தப்பாவுக்கும், அடக்கத்தின்போது சபையாராகவும் அண்டை வீட்டாராகவும் எங்களைத் தாங்கியவர்களுக்கும், அம்மாவைச் சிகிச்சைக்கு அனுப்ப டிக்கெட்டும் பேப்பரும் ஒரே நாளில் ஏற்பாடு செய்த மேல்விஷாரத்து பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தமிழ் படிக்கத் தெரியாத ஆல்மாஸுக்கும் அவள் தோழிகளுக்கும் இந்த மலரின் சில பிரதிகளை அனுப்புகிறேன். அம்மாவின் படத்துக்காகக் கேட்டார்கள்.

நேற்று அப்பாவிடம் போனில், "தனியா இருக்க கஷ்டமா இல்லியா?" என்று கேட்டேன். "கஷ்டமாதான் இருக்கு" என்றார். ஊருக்கு வந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உறவினர்களாகிய நீங்களும் அவரிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போன் செய்யுங்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். கொஞ்சம் நேரமாகும், ஆனால் பேசுவார்.

அன்புடன்,
மகள்